ரிலீவர் வரும்வரை

எங்கள் ஊர்ப்பக்கம் சாமி இல்லாத மலையில் யாரும் ஏறமாட்டார்கள். திருத்தணி என்றால் முருகன், திருப்பதி என்றால் பெருமாள். ஏறுவதற்கு ஒரு வேண்டுதல் இருக்கும், இறங்கும்போது தலையில் முடி இருக்காது. தடா அருவிக்குப் பைக்கில் போகிற பையன்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் போகிற காரியமே வேறு. அதனால் ஜப்பானுக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த ஊர்க்காரர்கள் முதுகில் பையும் கையில் இரண்டு குச்சியுமாக ரயிலேறுவதைப் பார்த்துவிட்டு, மேலே என்ன சாமி என்று கம்பெனியில் எங்கள் லைன் லீடரம்மாவிடம் கேட்டேன். சாமியெல்லாம் இல்லை என்றாள். பிறகு எதற்கு என்றேன். காற்று நன்றாக இருக்கும் என்றாள். வாரம் முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாளில் காற்று வாங்க மலையேறுகிற ஜனங்களை நினைத்து எனக்குத் தலை சுற்றியது.

அப்படிப்பட்ட நானும் ஒருநாள் ஏறினேன். தனியாக இல்லை, மூன்று பேர் போனோம்.

மூவருமே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயரிங் கட்டுகிற ஒரு கம்பெனியில் இருந்தவர்கள். அதன் தலைமைக் கம்பெனி ஜப்பானில். மூன்று வருடப் பயிற்சி என்று எங்களை அனுப்பிவைத்தார்கள். பயிற்சி என்று பெயர்தானே தவிர, அங்கே செய்த அதே வேலைதான் இங்கேயும். பெல்ட்டில் பலகை நகர்ந்து வரும், ஒயரைப் பரப்பி, டேப்பைச் சுற்றி, கிளிப்பை மாட்டிவிட வேண்டும். குளிர்தான் புதிது.

எங்களில் பெரியவள் ஆரம்பாக்கத்துக்காரி. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறார். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடாகக் கட்ட வேண்டும் என்று, நாலு வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தவள். சின்னவள் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். தண்ணீரில் தூக்கிப் போட்டால் நீந்தி வந்துவிடுவாள், மூன்றாவது மாடி ஜன்னலில் எட்டிப்பார்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் செவ்வாப்பேட்டை. எனக்கு எந்தப் பயமும் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

மலைக்குப் போகலாம் என்று சொன்னது அக்காதான். எங்கள் மூன்று வருடம் பொங்கலுக்கு முன்பு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா, உன்னை லைன் லீடராக்குகிறோம் என்று மேனேஜர் அவளிடம் மட்டும் கேட்டிருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க யோசித்தாள், முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஊட்ல ஒக்காந்தா மண்டைய பிச்சிக்கினு இருப்பேன். வாங்கடி, எங்கினா போலாம்" என்றாள்.

குழப்பமெல்லாம் மகளைப் பற்றித்தான். ஊரிலிருந்து கிளம்பிய அன்று, குழந்தை அழக்கூடாதே என்று, தினமும் வேலைக்குப் போகும்போது சொல்வதையேதான் அவளிடம் சொல்லியிருக்கிறாள். "டூட்டிக்கு போய்ட்டு வந்துடறேன், அத்த கூடவே இரு." அந்தக் குழந்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. வீடியோ காலில் வந்த உடனே முதல் கேள்வி, "டூட்டி முடிஞ்சிடிச்சாம்மா?" என்பதுதான். இல்ல கண்ணு, இன்னும் கொஞ்சம் இருக்கு என்பாள் அக்கா. மறுநாளும் அதே கேள்வி. ரூமில் எங்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த வருடம் ஜூனில் ஜப்பான் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து குழந்தை கேட்பதில்லை. போனை எடுத்தால் வரைந்த படத்தைக் காட்டும், விழுந்த பல்லைக் காட்டும், அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடும்.

"மறந்துட்டாடி" என்றாள் அக்கா. மலையடிவாரத்துக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாள். "ஒரு விதத்துல நல்லதுதான். நெனச்சிக்கினு இருந்தாத்தான பாவம். மறந்தவளுக்கு ரெண்டு வருசம் இன்னா, நாலு வருசம் இன்னா? ஊடும் முடிஞ்சிடும்."

"அத்தான் நானும் சொல்றேன். இருந்துடு" என்றேன்.

எனக்கு அவள் இருக்க வேண்டும். எனக்கும் இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அவள் போய்விட்டால் அந்த ரூமில் யார் எனக்கு ரசம் வைத்துத் தருவார்கள், காய்ச்சல் வந்தால் யார் திட்டிக்கொண்டே தலையைப் பிடித்துவிடுவார்கள்? நல்ல மனசோடு யோசனை சொன்னேன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், எனக்கு வேண்டியதைத்தான் சொன்னேன். முன் சீட்டிலிருந்து சின்னவள் திரும்பினாள்.

"இவ பேச்ச கேக்காத. கம்னு போய் சேருக்கா நீ. டப்பு இன்னிக்கி வரும், நாளைக்கி போவும்."

"மலைய பாத்தா மயக்கம் வர்றவல்லாம் யோசன சொல்றா" என்று அவள் வாயை அடைத்தேன்.

மலை அப்படியொன்றும் பெரியதில்லை. எங்கள் பக்கத்தைப்போலப் படிக்கட்டு கிடையாது, மண் பாதைதான், ஓரத்தில் இலையெல்லாம் சிவந்து கிடந்தது. எதிரே வருகிற அத்தனை பேரும், முன்பின் தெரியாதவர்கள், எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். முதலில் பதிலுக்குப் பதில் சந்தோஷமாகச் சொன்னோம். பிறகு மூச்சு வாங்கியது, தலையை மட்டும் ஆட்டினோம். நிறையப் பேர் பையில் மணி கட்டியிருந்தார்கள். அது எதற்கு என்று அக்கா ஒருவரைக் கேட்டாள். கரடிக்கு, சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும் என்றார் அவர். அதன் பிறகு சின்னவள் வாயே மூடவில்லை. மணி இல்லாத குறைக்குத் தன் குரலையே மணியாக்கிக்கொண்டு, பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கிற கதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து அக்கா கட்டி எடுத்துவந்த புளிச்சோற்றையும் சின்னவள் வீட்டு நெத்திலிக் கருவாட்டையும் சாப்பிட்டோம். கருவாட்டு வாசனைக்கு, கடந்துபோனவர்களின் வணக்கம் கொஞ்சம் வேகமாக வந்தது. சாப்பிட்டு எழுந்தபோது அக்காவின் முட்டி பிடித்துக்கொண்டது.

"என்னால ஆவாது. நீங்க போங்கடி. நா இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"நாங்க மட்டும் போயி?"

"இவ்ளோ தூரம் வந்துட்டு மேல பாக்காம போறதா? இந்தா என் போனு, இதுல எடு. அதுலதான் படம் நல்லா வரும். புள்ளைக்கு காட்டணும்."

போனை வாங்கிக்கொண்டேன். "சரி, இங்கியே இருக்கா. மேல போயிட்டு வந்துடறோம்" என்றேன்.

இங்கே எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெல்ட் நிற்காது. பாத்ரூம் போக வேண்டுமானால்கூடக் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி இருப்பாள். அவள் வந்து நம் தோளைத் தொட்டு, நம் இடத்தில் நின்ற பிறகுதான் நாம் நகரலாம். தொடாமல் நகர்ந்தால் ஒரு ஒயர் விட்டுப்போகும், அந்தக் கார் எங்கேயாவது நடுரோட்டில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நாங்கள் எல்லோரும் இதைக் கடைப்பிடித்தோம். அக்கா மட்டும் இதைப் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளையாக வைத்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒருமுறை தீ விபத்து ஒத்திகை நடந்தது. சைரன் அடித்ததும் அத்தனை பேரும் வெளியே ஓடினோம். தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. போய்ப் பார்த்தால் நின்றுபோன பெல்ட்டுக்கு முன்னால் இவள் மட்டும் நிற்கிறாள். ரிலீவர் வரவில்லையாம். பாதுகாப்பு அதிகாரி காட்டுக் கத்தலாகக் கத்தினார். அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கைதட்டச் சொன்னார். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் பேஜாராகி நின்ற முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மேலே உச்சியில் லீடரம்மா சொன்ன காற்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சின்னவள் நடுவில் இருந்த ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டே நாலு பக்கமும் பார்த்தாள். நான் அக்காவின் போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். மேகம் திரண்டு வந்தது. எல்லோரும் அவசரமாக இறங்கத் தொடங்கினார்கள். முன்னால் மணிச்சத்தம் போன வழியே நாங்களும் போனோம். கரடிப் பயத்தில் சின்னவள் அந்த மணியை விட்டு ஒரு அடிகூடப் பின்தங்கவில்லை. எழுத்துப் பலகைகள் இருந்தன. எங்களுக்குத் தெரிந்த ஜப்பானிய எழுத்தெல்லாம் சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், ஆபத்து, இவ்வளவுதான்.

வெகுநேரம் இறங்கினோம். பெஞ்சு வரவில்லை. தார் ரோடு வந்தது. காலையில் இறங்கிய அதே பஸ் நிறுத்தம்.

"அக்கா எங்கடி?" என்றாள் சின்னவள்.

அப்போதுதான் புரிந்தது, உச்சியிலிருந்து வேறு வழியாக வந்துவிட்டோம் என்று. அக்காவின் போன் என் கையில். மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டோம். அந்தப் பெஞ்சிலிருந்து இங்கே வருவது சுலபமான வழி, மழை வந்ததும் இறங்கியிருப்பார்கள், முன்னால் போன பஸ்ஸில் போயிருப்பார்கள் என்று அவர் விளக்கினார்.

"அப்டித்தான் இருக்கும். அவ இன்னா கொழந்தையா?" என்று சின்னவளும் சொன்னாள். பாவம், குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"போயிருக்க மாட்டா" என்றேன்.

"மழையில எவளாவது ஒக்காந்துக்கினு இருப்பாளா?"

"வந்துடறோம்னு சொல்லிட்டு வந்துட்டமே. தீப்புடிச்சாலே நவுராதவ, மழைக்கா நவுருவா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் சைரன் அடித்த நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே எனக்கு முன்னால் மலைப்பாதையில் ஏறினாள், மணியும் இல்லை, கரடியும் நினைவில்லை. இலையுதிர்காலத்தில் இந்த ஊரில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது, பகலிலிருந்து நேராக இருட்டில் தள்ளிவிடும். அதற்குள் அக்காவைப் பார்த்துவிட வேண்டும். வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த ஆரம்பாக்கத்துக் குழந்தைக்கு யார் போய் என்ன சொல்வது என்பதைத் தவிர என் மனதில் எதுவும் ஓடவில்லை. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், அக்காவின் சாமியையும் சேர்த்து.

அவள் பெஞ்சிலேயே இருந்தாள். கையில் யாருடையதோ ஒரு குடை. பாதி உடம்பு நனைந்திருந்தது, உதடு நீலம் பூத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டி விடவில்லை.

"எங்கடி போய் தொலைஞ்சீங்க?" என்றாள்.

சின்னவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் தெளிந்தால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

"அறிவிருக்கா உனுக்கு? கீழ எறங்கி போறதுக்கின்னா? நல்ல வழி இருக்குதாமே!"

"தெரியும். ஒரு வயசான ஜோடி வந்துச்சி. வா வான்னு கையப் புடிச்சி இழுத்தாங்க. ரிலீவர் இன்னும் வரலன்னு சொன்னேன்."

கம்பெனியில் கற்ற ஜப்பானிய மொழியில் அவளுக்கு அந்த வாக்கியம்தான் சுத்தமாகச் சொல்ல வரும். அவர்கள் இவளை அந்த மலையில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். இரண்டு பேரும் குனிந்து வணங்கி, கஷ்டமான வேலைதான் என்று சொல்லிவிட்டு, தங்கள் குடையைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்னவள் அழுகையோடு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு என் ஸ்வெட்டரைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டேன்.

"நா எறங்கி போயி, நீங்க வந்து பாத்து இல்லன்னா இன்னா பண்ணுவீங்க? காடு பூரா தேடிக்கினு அலைவீங்க" என்றாள்.

அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். அப்போது நாங்கள் கேட்காமலே சொன்னாள்.

"மொதல்ல நீங்க போன வழியவே பாத்துக்கினு இருந்தேன். ஒவ்வொரு ஆளு வரும்போதும் எழுந்து எழுந்து பாத்தேன். அப்பால உங்க மேல கோவம் வந்துச்சி. அப்பால அதுவும் போச்சி. கடசில அந்தப் பக்கமே பாக்காம திரும்பி ஒக்காந்துட்டேன்."

"நாங்க வரமாட்டோம்னு நெனச்சிட்டியாக்கா?" என்றாள் சின்னவள்.

"ச்சீ, இல்ல. வருவீங்கன்னு தெரியும். பாத்து பாத்து ஆளு இல்லன்னா நெஞ்ச பெசையுது. அத தாங்க முடியல. அதான் பாக்கறத வுட்டுட்டேன்."

அதைச் சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். என் கையிலிருந்த தன் கையை உருவிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவ மறக்கலடி" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கேட்டு கேட்டு இல்ல இல்லன்னு நா சொன்னேன் பாரு, அத தாங்க முடியாம கேக்கறத வுட்டுட்டா. போன அத்த கைல குடுத்துட்டு ஓடறாளே, அதுக்குத்தான் ஓடறா. அங்கியேதான்டி ஒக்காந்துக்கினு இருக்கா."

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. மூன்று வருடம் கூடவே இருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, நான் அதுவரை பார்க்காத அழுகை அது. ஆளுக்கொரு தோளாகத் தாங்கி அவளைக் கீழே இறக்கினோம்.

பஸ்ஸில் ஹீட்டர் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் அவள் கையை நீட்டினாள், போனைக் கொடுத்தேன். ஊரில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பஸ்ஸில் சத்தம்போட்டுப் பேசக்கூடாது என்பது இங்கே பெரிய சட்டம். அதனால் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து பேசினாள். நாத்தனார் எடுத்தாள். புள்ளைய குடுங்க என்றாள் அக்கா. திரையில் முன்பல் இல்லாத அந்த முகம் வந்தது. அம்மாவின் நனைந்த தலையைப் பார்த்தது, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. வழக்கம்போல ஒரு படத்தைத் தூக்கிக் காட்டியது. போனை அத்தையிடம் கொடுக்கத் திரும்பியது.

"கண்ணு, இரு. ஓடாத" என்றாள் அக்கா. "டூட்டி முடியப்போவுது. பொங்கலுக்கு அம்மா வந்துடறேன். இனிமே போவமாட்டேன்."

திரையில் அந்த முகம் அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் குழந்தை அங்கேயேதான் இருந்தது, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு. பிறகு, ஏற்கெனவே பேசி முடித்த விஷயத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி என்பதைப்போலக் கேட்டது.

"எத்தினி மணி வண்டிக்கும்மா?"

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்தால் அக்கா சூலூர்பேட்டை வண்டியைப் பிடித்துத்தான் ஆரம்பாக்கத்துக்கு வருவாள். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பாள். மூன்று வருடமாக அந்த வண்டி தினமும் வந்துகொண்டுதான் இருந்தது, அதில் அம்மா இறங்காததுதான் குறை.

எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் அக்கா. அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினாள். இன்னும் இரண்டு வருடம் இரு, இரு என்று காலையில் அவள் உயிரை எடுத்தவள் நான். வாங்கிக்கொண்டேன்.

"சாயங்காலம் வர்ற சூலூர்பேட்டை வண்டிக்கு வருவா கண்ணு" என்றேன். "நீ அத்தைய இட்டுக்கினு டேசனுக்கு வந்துடு, இன்னா?"

"சரி" என்றது குழந்தை. போனை அப்படியே கீழே போட்டது. திரையில் ஓட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. அத்தே, அத்தே என்று கத்திக்கொண்டே அது ஓடுகிற சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை.